ஓடுபாதைக்கு விளக்கு போட்டவன்

மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வேலை என்றால் உடனே "பைலட்டா?" என்பார்கள். ஓடுபாதை விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் எலெக்ட்ரீஷியன் என்றதும் பேச்சு வேறு பக்கம் போய்விடும். ஊரில் அத்தைக்குக் கடைசிவரை நான் "பிளேனுக்கு லைட் போடுறவன்". அதுவும் தப்பில்லை.

சேர்ந்த முதல் வாரம் ஒரு சீனியர் அண்ணன் கேட்டார்: "தம்பி, ஒரு பல்பு போனா மத்ததெல்லாம் என்ன ஆகும்?" ஓடுபாதை விளக்குகளும் திருவிழா சீரியல் செட் மாதிரி ஒரே சுற்றில் கோத்தவைதான் என்று தெரியும். அதனால் எல்லாம் அணைந்துவிடும் என்றேன். சிரித்தார். ஒவ்வொரு விளக்குக்கும் கீழே குழிக்குள் ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் உண்டு. பல்பு போனாலும் அந்த டிரான்ஸ்பார்மர் வழியே கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும். முழு வெளிச்சத்தில் 6.6 ஆம்பியர். முதல் விளக்குக்கும் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கடைசி விளக்குக்கும் அதே அளவு, அதே வெளிச்சம்.

பெரிய ஓடுபாதை 3,600 மீட்டருக்கு மேல் நீளம். அதற்கு இரண்டு பெயர்: கிழக்கு நோக்கி ஓடினால் 07, மேற்கு நோக்கி ஓடினால் 25. விமானம் எதிர்காற்றில் இறங்கவேண்டும் என்பதால் தென்மேற்குக் காற்று வீசும்போது 25, ஐப்பசியில் வாடை திரும்பினால் 07. பயணிகளுக்கு விமான நிலையம் என்றால் அண்ணா முனையம், காமராஜர் முனையம். எங்களுக்குக் காற்று.

1932 அக்டோபரில் கராச்சியிலிருந்து ஜே.ஆர்.டி. டாடா பம்பாய் வரை ஓட்டிவந்த தபால் விமானத்தை அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். ஒற்றை இன்ஜின் கொண்ட 'புஸ் மாத்' என்ற சின்ன விமானம். இத்தனை விளக்குகளை அவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

ஷிப்டில் எனக்குப் பிடிக்காத நாள் போகி. விடியற்காலையில் பழைய டயரும் பாயும் எரியும் புகை பனியோடு சேர்ந்துவிட்டால் அடுத்த விளக்கே தெரியாது. டவரிலிருந்து வெளிச்சத்தை ஏற்றச் சொல்வார்கள். ஏற்றுவோம். 2018 போகியன்று எவ்வளவு ஏற்றியும் பயனில்லை, விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திரும்பின.

அப்புறம் 2015 டிசம்பர். இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேல் பாலமாகவே போகிறது. வறண்ட நாளில் அங்கே நின்றால் கீழே ஆறு இருப்பதே மறந்துவிடும். 1ஆம் தேதி இரவு அது தன்னை ஞாபகப்படுத்தியது. நிலையத்தை மூடினார்கள், சில விமானங்கள் அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து கிளம்பின. தண்ணீர் வடிந்ததும் நாங்கள் குழிகுழியாகத் திறந்து சேற்றை வாரினோம். ஒரு குழியில் விரல் நீளத்துக்குக் கெண்டைக் குஞ்சு ஒன்று துள்ளியது. வாளியில் போட்டுக்கொண்டு அடுத்த குழிக்குப் போனோம்.

மறுபடி விமானம் இறங்குவதற்கு முந்தைய இரவு சுவிட்சைப் போட்டோம். வரிசை எரிந்தது. நடுவே மூன்று பல்பு மட்டும் எரியவில்லை. "மூணுதானே" என்று சொல்லிவிட்டு அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.