ஆடு இறங்கி ஏறும் சரிவு

கிருஷ்ணகிரி மாவட்டம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மாம்பழமும் கிரானைட்டும் நினைவுக்கு வரும். எனக்கு நொரம்புக் குழிகள். நொரம்பு என்றால் சரளை கலந்த மண். சாலை போடவும் வீட்டுமனையை மேடாக்கவும் டிப்பர் டிப்பராக அள்ளிய பிறகு ஊர் ஓரத்தில் மிஞ்சும் பள்ளங்கள். மழைக்காலத்தில் குட்டை, கோடையில் குப்பைமேடு. நீர்நிலைகளைச் சீரமைக்கும் வேலையில் தள மேற்பார்வையாளராக இருக்கிறேன். ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு ஊத்தங்கரை வட்டாரத்தில் அப்படியொரு குழியைச் சரிசெய்யும் பொறுப்பு எங்கள் குழுவுக்கு வந்தது.

2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை. பக்கத்து அரூரில் 33 செ.மீ. இந்த மாவட்டத்தில் ஓர் ஆண்டில் பெய்வதில் பாதிக்கும் மேல் ஒரே நாளில் கொட்டியது. ஏரிகள் நிரம்பி வழிந்து, சாலையோரம் நின்ற வண்டிகள் அடித்துச் செல்லப்பட்டதை எல்லோரும் டிவியில் பார்த்தார்கள். ஓடையோரத்துக் குழிகளில் நடந்தது கேமராவுக்கு எட்டவில்லை.

நாங்கள் எடுத்த குழி ஓடையிலிருந்து சில அடி தள்ளித்தான் இருந்தது. நடுவில் ஒரு மண்திட்டு. வெள்ளம் அந்தத் திட்டை உடைத்ததும் ஓடை முழுசாகத் திரும்பிக் குழிக்குள் விழுந்தது. மேட்டிலிருந்து பள்ளத்தில் விழும் தண்ணீர், விழும் விளிம்பை அரித்துக்கொண்டே இருக்கும். விளிம்பு பின்வாங்கப் பின்வாங்க ஓடையின் அடிமட்டமும் தாழும். அப்படியே மேல்நோக்கி அரித்துக்கொண்டு போய் ஒரு சிறுபாலத்தின் அஸ்திவாரம் வெளியே தெரிந்தது. அதன் சிமெண்ட் குழாய் பாதி அந்தரத்தில் தொங்கியது. அதற்கும் மேலே ஒருவர் மாந்தோப்பில் வரப்போடு சேர்த்து ஒரு வரிசை மரம் சாய்ந்திருந்தது. குழிக்கும் தோப்புக்கும் நல்ல தூரம். அதனால் ஊரில் யாரும் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை, மழை செய்த வேலை என்றே சொன்னார்கள். மழை பெய்தது உண்மை. ஆனால் அந்த ஓடையை அங்கே கீழே இழுத்தது குழிதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கீழ்ப்பக்கம் வேறு சேதம். நிரம்பிய குழி மறுகரையை உடைத்துக்கொண்டு போனதில், கரை மண்ணும் நொரம்பும் ஒரு ராகி வயல் மேல் முழங்கால் உயரத்துக்குப் படிந்துவிட்டன.

ஊர்க்கூட்டத்தில் இரண்டு கோரிக்கைகள் வந்தன. குழியை மூடிவிடுங்கள் என்றார்கள் சிலர். மூட அவ்வளவு மண் வேண்டுமென்றால் இன்னொரு இடத்தில் குழி வெட்ட வேண்டும். இன்னும் ஆழப்படுத்தித் தண்ணீர் தேக்குங்கள் என்றார்கள் மற்றவர்கள். கேட்க நியாயமாக இருந்தாலும் அங்கே அடியில் கெட்டிப் பாறை வந்துவிட்டது. வெட்டுச்சுவரைப் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும்: மேலே ஒரு முழம் செம்மண், அதில் புல்வேர். அதன் கீழ் மஞ்சளும் சிவப்புமாக நொரம்பு. அதற்கும் கீழே நகத்தால் கீறினாலே உதிரும் இத்துப்போன பாறை, நடுவில் வெள்ளை வரிகள். பிறகு உளி இறங்காத கரும்பாறை. தண்ணீர் கீழே இறங்குவது அந்த இத்துப்போன அடுக்கின் வழியாகவும் பாறையின் வெடிப்புகள் வழியாகவும்தான். கெட்டிப் பாறையைக் குடைந்து கொள்ளளவு கூட்டலாம், கிணற்றுக்கு ஊற்று அதிகமாகாது.

வேலை தொடங்குமுன் அளவெடுக்கும்போது, அங்கே ஆடு மேய்க்கும் ஒரு பாட்டி வந்து நின்றார். "ஆடு எறங்கித் தண்ணி குடிச்சுட்டு ஏறி வரணும் சாமி. ஆடு ஏறுனா பசங்களும் ஏறிக்குவாங்க" என்றார். பக்கத்து ஊர்க் குழியில் குளிக்கப் போன பையன் ஒருவன் செங்குத்துச் சுவரில் கை பிடிக்க இடமில்லாமல் போய்ச் சேர்ந்ததை அவர் மறக்கவில்லை. கல்குவாரிக் குட்டையில் சிறுவர்கள் மூழ்கிய செய்தி தமிழ்நாட்டில் ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் வருகிறது. எச்சரிக்கைப் பலகை வைக்கிறார்கள், கம்பிவேலி போடுகிறார்கள். வேலி சில மாதங்களில் காணாமல் போகும், சரிவை யாரும் திருடிக்கொண்டு போக முடியாது. ஓர் அடி இறங்க மூன்று அடி கிடையாகத் தள்ளி வரும்படி மூன்று பக்கமும் சரிவு போட்டோம். தண்ணீரின் ஓரத்தில் முழங்கால் ஆழத்துக்கு அகலமான ஒரு படி.

சரிவுக்கு மண், அந்த ராகி வயலில் படிந்து கிடந்த நொரம்பு. வயலும் மீண்டது, குழிக்கும் சரிவு கிடைத்தது. பட்டா நிலத்திலிருந்து மண்ணை எடுப்பதால் அனுமதி வாங்கி, ஒவ்வொரு லோடுக்கும் நடைச்சீட்டு என்ற அனுமதிச் சீட்டோடுதான் வண்டி ஓட்டினோம். இதில் அவசரப்பட்டுக் குறுக்குவழி தேடவே கூடாது. நல்ல வேலையையும் மண் திருட்டு என்று ஒரே நாளில் நிறுத்திவிடுவார்கள்.

நொரம்பில் எதுவும் சுலபமாக முளைக்காது. மேல்மண் முதல் நடையிலேயே போய்விட்டது. கோடையில் ஏரி வற்றியதும் முறைப்படி வண்டல் எடுத்து ஒரு சாண் கனத்துக்குப் பரப்பினோம். வெட்டிவேரைச் சமமட்டத்தில் வரிசையாக நட்டு, இடையில் அருகம்புல் வைத்தோம். தண்ணீர் ஓரம் கோரை தானாகவே வந்தது. கரைக்கு வெளியே நீர்மருதும் நாவலும் புங்கனும். கரை மேலேயே மரம் வையுங்கள் என்று நிறையப் பேர் வற்புறுத்தினார்கள். நான் சம்மதிக்கவில்லை. மரம் பட்டுப்போனால் வேர் மக்கிய துளை வழியே தண்ணீர் கசியும், கரை போய்விடும்.

பணத்திலும் உழைப்பிலும் பெரும்பங்கு, தண்ணீர் உள்ளே வரும் நுழைவாயிலுக்கும் உபரி வெளியேறும் கலிங்குக்கும்தான். ஓடையை முழுசாக உள்ளே விடாமல் பழைய தடத்திலேயே ஓடவிட்டு, பெருக்கின்போது ஒரு பகுதி மட்டும் குழிக்குள் இறங்க வழி செய்தோம். இறங்குமிடத்தில் கிரானைட் குவாரிகளில் மலைபோல் கிடக்கும் வேஸ்ட் கற்களைப் படிப்படியாக அடுக்கினோம். ஒவ்வொரு படியிலும் தண்ணீர் மோதி வேகம் குறையும். அதற்கு முன்னால் வண்டல் படிந்து நிற்க ஒரு சிறு குழி. மறுபக்கம் கரையைவிடத் தாழ்வாக அகலமான கலிங்கு, உபரி பழைய ஓடைக்கே திரும்பிவிடும். எத்தனையோ இடங்களில் தூர்வாரிப் படம் எடுத்துவிட்டுக் கலிங்கை மறந்துவிடுகிறார்கள். எனக்கு அது தாங்கவே முடிவதில்லை.

நாலாவது பக்கத்தில் ஒரு துண்டுச் சுவரை மட்டும் செங்குத்தாகவே விட்டு மேலே முள் அடைத்தோம். பஞ்சுருட்டான் பறவைகள் அதில் பொந்து தோண்டியிருந்தன. சுவரைச் சரித்தால் அந்தப் பொந்துகள் போய்விடும்.

மீன் விடும் பேச்சு வந்தபோது ஒருவர் ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சு கொண்டுவரத் தயாராக இருந்தார். அது தடை செய்யப்பட்ட மீன். எதையும் விழுங்கும், வெள்ளத்தில் தப்பினால் பாம்பாறு வழியே தென்பெண்ணைக்கே போய்விடும். கட்லாவும் ரோகுவும் போதும் என்று முடிவானது.

அடுத்த மழையில் கற்படிகள் நின்றன. கலிங்கின் இடது முனையில் மட்டும் கொஞ்சம் மண் கரைந்தது, கல் சேர்த்து இறுக்கினோம். கீழே இரண்டு கிணறுகளில் மட்டம் ஏறியதாகச் சொல்கிறார்கள். ஒரு மழையை வைத்து அதைக் குழியின் கணக்கில் எழுத நான் தயாரில்லை, மாதாமாதம் கயிறு விட்டு அளந்து குறித்து வருகிறோம்.

மாந்தோப்பு இன்னும் பாக்கி. ஓடையின் அடிமட்டம் பழையபடி உயர வேண்டுமானால் சிறுபாலத்துக்குக் கீழே வரிசையாகக் கல்தடுப்புகள் போட்டு, மணல் படியக் காத்திருக்க வேண்டும். அளவெடுத்தாயிற்று. வடகிழக்குப் பருவமழைக்கு முன் முதல் இரண்டு தடுப்புகளாவது நிற்க வேண்டும் என்று கல் இறக்கிக்கொண்டிருக்கிறோம்.