மிஞ்சிய வான்கோழியில் லீமா சூப்: மூன்று நாள் முயற்சி

2024 நவம்பர் 28 அன்று, ஹூஸ்டனில் உள்ள எங்கள் வீட்டில் தேங்க்ஸ்கிவிங் விருந்து முடிந்தபோது, 14 பவுண்டு வான்கோழியில் ஏறத்தாழ ஒரு கிலோ இறைச்சியும் முழு எலும்புக்கூடும் மிஞ்சியிருந்தன. ஆண்டுதோறும் இந்த மிச்சத்தை ரொட்டிக்கு நடுவில் வைத்தும், குழம்பில் போட்டும் தீர்த்துச் சலித்துவிட்டதால், இம்முறை மெக்சிகோவின் யுகடான் பகுதிக்குரிய 'சோப்பா டெ லீமா' என்னும், லீமா என்ற எலுமிச்சை இனப் பழத்தால் மணமூட்டிய சூப்பைச் செய்து பார்ப்பது என முடிவு செய்தேன். இப்போது பெரும்பாலும் கோழியில் செய்யப்பட்டாலும், வான்கோழி இந்தச் சூப்புக்கு அந்நியமன்று. அந்தப் பறவையை முதலில் வளர்த்துப் பழக்கியவர்களே மெக்சிகோ மண்ணின் பழங்குடி மக்கள்தாம், யுகடான் சமையலில் இன்றும் அதற்குத் தனி இடம் உண்டு. சமைத்த வான்கோழியைக் குளிர்பெட்டியில் மூன்று நான்கு நாட்களுக்கு மேல் வைக்கக் கூடாது என்பதால், திங்கட்கிழமைக்குள் சூப் சரியாக வர வேண்டும் என்று எனக்கு நானே கெடு வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை முழுவதும் எலும்புச் சாற்றுக்கே சென்றது. எலும்புக்கூட்டின் உட்புறத்தில் ஒட்டியிருந்த ரொட்டிப் பூரணத்தை விரலால் வழித்து எடுத்தேன். அதை விட்டுவைத்தால் சாறு கலங்குவதோடு, அதிலுள்ள சேஜ் இலையின் மணம் வேறு எந்த மணத்தையும் தலையெடுக்க விடாது. முதுகெலும்பை இரண்டாக உடைத்து, இறக்கை எலும்புகளுடன் 4 லிட்டர் குளிர்ந்த நீரில் போட்டு, கொதிக்க விடாமல், ஓரத்தில் மட்டும் குமிழி எழும் சூட்டில் மூன்று மணி நேரம் வைத்தேன். யுகடான் முறைப்படி, ஒரு பெரிய வெங்காயத்தையும் ஆறு பூண்டுப் பற்களையும் தோலுடனேயே தோசைக்கல்லில் கருக வாட்டிச் சேர்த்தேன். கூடவே நான்கு ஆல்ஸ்பைஸ் மணிகளும், விரல் நுனி அளவு பட்டையும் போட்டேன். மெக்சிகோ கடைகளில் 'கனேலா' என்று விற்கப்படுவது பெரும்பாலும் இலங்கைப் பட்டைதான். நம் ஊர்க் கடைகளில் அதிகம் கிடைக்கும் தடித்த பட்டை இந்த மெல்லிய சாற்றுக்குக் காரம் கூடியதாக இருக்கும். உப்பு மட்டும் சேர்க்கவில்லை. வறுப்பதற்கு முன் பறவையை உப்பு நீரில் ஊற வைத்திருந்தேன் என்பதால், எலும்பிலிருந்து எவ்வளவு உப்பு இறங்கும் என்பதை முன்கூட்டி அறிய வழியில்லை. வடிகட்டியபின் 3 லிட்டர் சாறு தேறியது.

அன்று பிற்பகலே, பொறுமையில்லாமல், ஒரு லிட்டர் சாற்றில் முதல் சூப்பைச் செய்தேன். இரண்டு லைம் (பச்சை எலுமிச்சை) பழங்களைத் தோலுடன் வட்ட வட்டமாக அரிந்து போட்டு, இறைச்சியையும் சேர்த்து இருபது நிமிடம் கொதிக்க விட்டேன். பிழைகள் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் செய்த நாள் அது. மார்பு இறைச்சி ஏற்கெனவே அடுப்பில் வெந்து உலர்ந்தது. மறுபடியும் கொதித்ததில் நார்க்கயிறாகிவிட்டது. மேலே கொழுப்பு மிதந்தது. முதல் கரண்டி நன்றாக இருந்தது. விழுங்கிய பிறகு அடிநாக்கில் கசப்பு ஏறியது. மிச்சத்தை மறுநாள் காலையில் ருசித்தபோது கசப்பு முன்னிலும் கூடியிருந்தது. இதற்குக் காரணம் உண்டு: எலுமிச்சை இனப் பழங்களின் சதையிலும் வெள்ளைத் தோலிலும் விதையிலும் உள்ள ஒரு பொருள், பழம் முழுதாக இருக்கும்வரை கசப்பதில்லை, வெட்டுப்பட்டுப் புளிப்புச் சாற்றுடன் கலந்த பின்னரே அது லிமோனின் என்னும் கசப்புப் பொருளாக மெல்ல மாறுகிறது. கொதிநிலை அந்த மாற்றத்தை விரைவுபடுத்துகிறது. எலுமிச்சை ரசத்தை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் பழம் பிழிய வேண்டும் என்று சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். பாத்திரத்தின் பெயர் சூப் என்று மாறியதும் அதை மறந்துவிட்டேன்.

சனிக்கிழமை முயற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரவு முழுவதும் குளிரில் இருந்த சாற்றின் மேல் கொழுப்பு ஏடாக உறைந்திருந்தது. அதை அப்படியே எடுத்துவிட்டதால் சூப் உண்மையிலேயே இலேசானது. அரை லிட்டர் சாற்றைச் சூடாக்கி இறக்கி, ஒரு லைம் பழத்தை மட்டும் பிழிந்தேன். கசப்பு இல்லை, ஆனால் மணமும் இல்லை. உப்புப் போட்ட வெந்நீரில் புளிப்பைக் கலந்தது போலிருந்தது.

அன்று மாலை, யுகடானின் மெரிதா நகரைச் சேர்ந்த அலுவலகத் தோழி ஒருவரிடம் தொலைபேசியில் புலம்பினேன். நான் பிழிந்தது லீமாவே அல்ல என்று அவர் சிரித்தார். மெக்சிகோவில் 'லிமோன்' என்றால் நம் நாட்டு எலுமிச்சையை ஒத்த சிறு பழம்; 'லீமா' என்பது வேறு. யுகடானின் லீமா நுனியில் குமிழ் வைத்த பழம். அதன் பெருமை புளிப்பில் இல்லை, தோலின் மணத்தில் இருக்கிறது. அது கிடைக்காத ஊரில் லைமுடன் சிறிது கிரேப்ஃப்ரூட் சேர்த்துக்கொள்ளும்படியும், எதையும் கொதிக்க விட வேண்டாம் என்றும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அதன்படி செய்தேன். இரண்டு கரண்டி எண்ணெயில் பொடியாக நறுக்கிய வெங்காயம், காரமற்ற மஞ்சள் மிளகாய் ஒன்று, இரண்டு தக்காளி ஆகியவற்றை எண்ணெய் பிரியும்வரை வதக்கி, ஒரு லிட்டர் சாற்றை ஊற்றினேன். வெறும் சட்டியில் வாட்டிய மெக்சிகோ ஓரிகானோவை உள்ளங்கையில் கசக்கித் தூவினேன். பீட்சா மேல் தூவும் ஓரிகானோவுடன் பெயர் மட்டுமே ஒத்துப்போகும் வேறொரு செடி அது, அதன் மணத்திலேயே சற்று எலுமிச்சைத் தன்மை உண்டு. பத்து நிமிடம் மெல்லக் கொதித்ததும் அடுப்பை அணைத்து, வெள்ளைப் பகுதி ஒட்டாமல் சீவிய லைம் தோல் இரண்டு கீற்றும் கிரேப்ஃப்ரூட் தோல் ஒரு கீற்றும் போட்டு மூடினேன். நான்கு நிமிடம் கழித்துத் தோலை எடுத்துவிட்டு, மூன்று மேசைக்கரண்டி லைம் சாறும் ஒரு மேசைக்கரண்டி கிரேப்ஃப்ரூட் சாறும் சேர்த்தேன். கடைசியில்தான் உப்பு, அரைத் தேக்கரண்டியே போதுமானதாக இருந்தது.

இறைச்சியைச் சட்டிக்குள் போடவே இல்லை. காலிலிருந்தும் தொடையிலிருந்தும் பிய்த்த கறியைத் தனியே சிறிதளவு சாற்றில் ஆவி பறக்கச் சூடாக்கிக் கிண்ணங்களில் பரப்பி, அதன்மேல் சூப்பை ஊற்றினேன். மார்புக் கறியை இந்தச் சூப்பில் சேர்ப்பதை நான் கைவிட்டுவிட்டேன். முந்தைய நாள் சோள டார்ட்டியாவை (மெக்சிகோவின் மெல்லிய சோள ரொட்டி) அரை சென்டிமீட்டர் அகலத்தில் கீறிப் பொரித்து வைத்ததை, மேசைக்கு வந்த பிறகே மேலே போட்டோம். தாளளவு மெலிதாக அரிந்த லைம் வட்டம் ஒன்றும் கொத்தமல்லியும் கிண்ணத்துக்குக் கிண்ணம் மிதந்தன. ஹபனேரோ மிளகாயை அரிந்து தனித் தட்டில் வைத்தேன். காரத்துக்கு அஞ்சாத என் மகன் இரண்டு துண்டோடு நிறுத்திக்கொண்டான். சிலர் அவகாடோவும் சேர்க்கிறார்கள். கொழுப்பை ஏடு எடுத்துவிட்டு வேறு கொழுப்பைக் கொண்டுவருவதில் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் மூக்கில் ஏறியது தோலின் மணம், பிறகு சாற்றின் ஆழம், அதற்கும் பிறகே புளிப்பு. கசப்பு கிண்ணம் காலியாகும்வரை வரவில்லை. ஆனால் லைம் வட்டத்தை அடியில் ஊற விட்டுப் பேசிக்கொண்டிருந்த என் மனைவியின் கிண்ணத்தில் கடைசி இரண்டு கரண்டி கசந்தது. நிறம் இன்னும் சரியாக வரவில்லை. வறுத்த எலும்பின் பழுப்பு நிறம் சாற்றில் இறங்கிவிட்டது. தோழி அனுப்பிய படத்தில் உள்ள தெளிந்த பொன்னிறம் வறுக்காத எலும்பில்தான் கிடைக்கும் போலும்.

மீதமுள்ள அரை லிட்டர் சாற்றைப் பழம் எதுவும் சேர்க்காமல் உறைநிலைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அடுத்த முறை கிரேப்ஃப்ரூட் தோலுக்குப் பதிலாகச் சாத்துக்குடித் தோலைச் சீவிப் போட்டுப் பார்க்க வேண்டும்.