மெஸ் ரூம் சுவரில் ஒரு காகிதம்

9 ஜூன் 2023, ஷார்ஜா ஆங்கரேஜ் (கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கும் இடம்)
கப்பலில் டீசல் தீர்ந்துவருகிறது. இன்றிலிருந்து ராத்திரி நான்கு மணி நேரம்தான் ஜெனரேட்டர். கேபினில் வெக்கை தாங்காமல் எல்லோரும் டெக்கில் அட்டை விரித்துப் படுக்கிறோம். ஜனவரியிலிருந்து சம்பளம் இல்லை. தூத்துக்குடியில் மனைவி நகையை அடகு வைத்துப் பள்ளிக்கூடப் பணம் கட்டியிருக்கிறாள். கம்பெனி போனை எடுப்பதே இல்லை.

12 ஜூன்
அரிசி இருக்கிறது, பருப்பு இருக்கிறது. குடிதண்ணீர்தான் பயம்.

15 ஜூன்
மெஸ் ரூமில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்த காகிதத்தை செகண்ட் என்ஜினியர் கழற்றி மேஜையில் வைத்தார். பதினொரு வருடமாகக் கப்பலில் இருக்கிறேன், இதுமாதிரி ஒன்றை நின்று படித்ததில்லை. காப்பீட்டுச் சான்றிதழ். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி 2017 ஜனவரியிலிருந்து கட்டாயம். இரண்டு மாதச் சம்பளம் நின்றாலே நாங்கள் கைவிடப்பட்டவர்கள் கணக்கில் வருகிறோம். முதலாளி தராவிட்டால் நான்கு மாதச் சம்பளம் வரை காப்பீட்டு நிறுவனம் தரவேண்டும். சாப்பாடு, தண்ணீர், கப்பலுக்கு எரிபொருள், ஊர் திரும்பும் செலவு எல்லாமே அவர்கள் பொறுப்பு. யாரைக் கூப்பிட வேண்டும் என்றுகூட அதிலேயே இருக்கிறது. மார்ச்சிலேயே எழுதியிருக்கலாம். அதற்குக் கீழேயே உட்கார்ந்து மூன்று மாதம் சோறு தின்றோம்.

ராத்திரியே காப்பீட்டு நிறுவனம், கப்பல் பதிவாகியிருக்கும் கொடி நாடு, ஐடிஎஃப் என்ற சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம், துபாய் இந்தியத் துணைத் தூதரகம் நான்குக்கும் மெயில் போனது.

24 ஜூன்
"அண்ணே, புகார் கொடுத்தா இனிமே எந்தக் கப்பல்லயும் எடுக்க மாட்டாங்களாமே?" ராமநாதபுரத்துக் கேடட், பயிற்சிக்கு வந்த பையன், கேட்கிறான். ஏஜெண்டுக்கு மூன்று லட்சம் கொடுத்து ஏறியவன். வேலைக்காக மாலுமியிடம் பணம் வாங்குவதே சட்டவிரோதம் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. பத்தொன்பது வயது. மனசு ஆறவில்லை.

3 ஜூலை
தண்ணீரும் டீசலும் வந்தன. குளித்தோம்!

16 ஜூலை
கம்பெனி இன்று தானாகவே கூப்பிட்டது. பாதிச் சம்பளம் தருவார்களாம், 'பாக்கி எதுவும் இல்லை' என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். டெக் ஆட்களின் தலைவரான போசன் பேனாவை எடுத்துவிட்டார். கப்பலை விட்டு இறங்கினால் எல்லாம் போய்விடும் என்ற பயம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் மாலுமியின் சம்பளப் பாக்கி கப்பலின் மேலேயே நிற்கும் உரிமை. நம் நாட்டு 2017 அட்மிரால்டி (கடல் வழக்கு) சட்டத்தில் அந்த உரிமைகளின் வரிசையில் சம்பளம்தான் முதலிடம். சம்பளம் பாக்கியான நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் நீதிமன்றம் மூலம் கப்பலைப் பிடித்துவைக்க வேண்டும். ராத்திரி வெகுநேரம் பேசினோம். யாரும் கையெழுத்துப் போடவில்லை.

30 ஜூலை
நான்கு மாதச் சம்பளம் காப்பீட்டில் வந்துவிட்டது. நாளை விமானம். ரசீதில் 'ஜனவரி முதல் ஏப்ரல் வரை மட்டும்' என்று என் கையாலேயே எழுதினேன்.

கேப்டனால் வர முடியாது. காவலுக்கு வேறு ஆள் வரும்வரை இருக்க வேண்டும். எகிப்தில் எம்வி அமன் கப்பலுக்கு நீதிமன்றம் ஒரு சிரிய மாலுமியைச் சட்டப்படி பாதுகாவலர் ஆக்கியது. அந்த உத்தரவின் பொருள் அப்போது புரியவில்லை என்றார் அவர். 2017இல் சிக்கியவர் 2021 ஏப்ரலில்தான் ஊர் போனார். அந்தக் கதை தெரிந்ததால் பொருள் முழுதாகப் புரியாத எந்தக் காகிதத்தையும் கேப்டன் தொடுவதில்லை.

எங்கள் ஒவ்வொருவர் சம்பளக் கணக்கிலும் மூன்று மாதப் பாக்கியை எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். என்னுடையதன் பின்பக்கம் அவர் வீட்டு நம்பர் இருந்தது.