கண்ணடிக்கும் ரெக்கார்டர்

எங்கள் அப்பத்தாவுக்கு 84 வயது. சிவகங்கைப் பக்கம் கிராமம். நடவுப் பாட்டு, கும்மி, தாலாட்டு எது கேட்டாலும் பாடும். ஒப்பாரி மட்டும் கேட்கக் கூடாது. நல்லா இருக்கிற வீட்டுக்குள் அதைப் பாடினால் ஆகாதாம். அந்தப் பாட்டுகளைப் பதிவு செய்து வைக்க எனக்கு ஆசை.

"போன்லயே எடுத்துட்டுப் போக வேண்டியதுதான?" என்றார் சித்தப்பா. அதையும் செய்து பார்த்தவன்தான் நான். தாலாட்டு உச்சத்துக்குப் போன நேரம், லோன் வேண்டுமா என்று ஒரு பெண் அழைத்தார். பதிவு அதோடு நின்றது. அன்றைக்கே முடிவு செய்தேன், தனியாக ஒரு ரெக்கார்டர் வாங்குவது என்று. பட்ஜெட் 5,000 ரூபாய்.

ஒரு வாரம் ராத்திரி தூங்கவில்லை. சோனி பிஎக்ஸ்470 என்று ஒன்று. உள்ளேயே 4 ஜிபி இருக்கிறது, யூஎஸ்பி முனையை வெளியே தள்ளி நேராகக் கம்ப்யூட்டரில் செருகலாம். பேட்டி, வகுப்பு இதற்கெல்லாம் அது போதும். பாட்டுக்கு என்றால் ஜூம் எச்1என். தலையில் இரண்டு மைக் 90 டிகிரியில் குறுக்காக நிற்கும், அதனால் இடது வலது பிரிந்து கேட்கும். டாஸ்காம் டிஆர்-05எக்ஸில் இருப்பது நாலாபக்கமும் கேட்கும் மைக். எங்கள் வீட்டில் நாலாபக்கமும் கேட்டால் கோழி, பக்கத்து வீட்டு மிக்சி, சித்தப்பா எல்லாம் சேர்ந்து பாடும்.

கடைசியில் சென்னை ரிச்சி தெருவில், பழைய சாமான் விற்கும் ஒரு கடையில் 4,800 ரூபாய்க்கு ஒன்று படிந்தது. என்ன மாடல் என்று சொல்ல மாட்டேன். நடந்ததில் அதன் தப்பு எதுவும் இல்லை.

மிச்சம் 200 ரூபாய் என்று சந்தோஷப்பட்டேன். அதன் பிறகுதான் உதிரிகள் ஆரம்பித்தன. பெரிதாக இருக்கட்டும் என்று 64 ஜிபி கார்டு வாங்கினால், இந்தக் கருவி 32 ஜிபிக்கு மேல் வாய் திறக்காதாம். இன்னொரு கார்டு. 24 பிட் 48 கிலோஹெர்ட்ஸ் தரத்தில், ஒலியைச் சுருக்காமல் வைக்கும் வேவ் கோப்பு மணிக்குச் சுமார் 1 ஜிபி பிடிக்கும்; ஆக 32 ஜிபியில் 30 மணி நேரம் எடுக்கலாம். பாடுவதற்கு அது தாராளம். அப்பத்தா திட்ட ஆரம்பித்தால் போதாது. பிறகு சட்டையில் குத்தும் மைக். அதன் பின்னைப் பார்த்தால் மூன்று கருப்பு வளையம். அது போனுக்கானது. ரெக்கார்டருக்கு இரண்டு வளையம் உள்ளதுதான் வேண்டும். இதை விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ரீசார்ஜ் பேட்டரி, சார்ஜர், குட்டி ஸ்டாண்டு, காற்று இரைச்சலைத் தடுக்க முடி வைத்த ஒரு குல்லா. ஒலிப்பதிவுக்காரர்கள் அந்தக் குல்லாவைச் 'செத்த பூனை' என்பார்கள். கூட்டிப் பார்த்தால் உதிரி மட்டும் 3,550 ரூபாய். மொத்தக் கணக்கு வீட்டுக்காரிக்கு இன்னும் தெரியாது.

ஊருக்குப் போனேன். கருவியைப் பார்த்ததும் அப்பத்தா, "சவரம் பண்ற மெசினா?" என்றது. குல்லாவை மாட்டியதும், "அய்யய்ய, எலிய எதுக்குடா குச்சியில குத்தி வச்சிருக்க?" என்று காலை மடக்கி உட்கார்ந்துகொண்டது.

மே மாதம். ஃபேனை அணைத்தேன். ஃபிரிட்ஜும் உறுமியது, அதையும் அணைத்தேன். திரும்பப் போட மறக்காமல் இருக்க, பைக் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைக்க வேண்டும் என்று ஒரு யோசனை படித்திருந்தேன். வைத்தேன். அது சித்தப்பாவின் பைக் சாவி. அவர் அரை மணி நேரம் வீட்டைப் புரட்டிப் போட்டது தனிக் கதை.

ஒலி அளவைத் தானியங்கியில் விடாதே, அப்பத்தா மூச்சு வாங்குகிற இடைவெளியில் அது அளவை ஏற்றிவிட்டு ஊர்ச் சத்தத்தை எல்லாம் இழுத்துவரும் என்று படித்திருந்தேன். கையால் திருகி, உச்சம் மைனஸ் 12 டெசிபெலைத் தாண்டாமல் வைத்தேன். ஹெட்போனை மாட்டி, சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். விளக்கு மினுக்கியது. முள் ஆடியது. காதில் அப்பத்தா கணீர் என்று கேட்டது. வேறென்ன வேண்டும்?

பாட்டு முடிந்ததும் மறுபடி அழுத்தினேன். தண்ணீர் குடித்தது, வெற்றிலை போட்டது, அடுத்த பாட்டுக்கு அழுத்தினேன். இப்படி ஐந்து பாட்டு, பத்து அழுத்தல். பாடி முடித்ததும் அப்பத்தா வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஃபேனப் போடுடா, படுபாவி" என்றது.

ராத்திரி லேப்டாப்பில் பார்த்தால் மூன்றே கோப்புகள்.

அந்தக் கருவியில் முதல் அழுத்தலுக்கு ரெக்கார்டு ஆகாது. 'தயார்' என்று மினுக்கும், அவ்வளவுதான். அப்போதும் முள் ஆடும், ஹெட்போனிலும் கேட்கும். இரண்டாவது அழுத்தலில் விளக்கு நிலையாக எரியும், அப்போதுதான் பதிவு. மூன்றாவதுக்கு நிற்கும். நான் பாட்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று அழுத்தியதில் முதல் பாட்டு மினுக்கலில் போயிற்று, இரண்டாவது பாட்டின்போது கருவி ஓய்வில் இருந்தது, மூன்றாவது மட்டும் தப்பித்தவறி உள்ளே விழுந்தது. நாலாவது, ஐந்தாவது பழைய கதைதான். மூன்று கோப்பில் ஒன்று பாட்டு. இன்னொன்று, அம்மா வைக்கும் மீன் குழம்பில் புளி கூடிப்போவது பற்றி அப்பத்தாவின் விரிவான கருத்து. தரமோ அற்புதம். பாக்கு கடிபடுவது வரை கேட்கிறது. அம்மாவிடம் அதைப் போட்டுக் காட்டவில்லை.

மூன்றாவது, நாலாம் பாட்டு முடிந்த பிறகு பதிவானது. அப்பத்தா குரல்தான் முதலில்:

"ஏய்யா, நான் பாடயில கண்ணடிச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. இப்பச் சும்மா இருக்கயில மொறச்சுப் பாக்குதே, என்னான்னு பாரு."

அடுத்து என் குரல், 24 பிட்டில், துளி இரைச்சல் இல்லாமல்:

"அதெல்லாம் ஒனக்குத் தெரியாது அப்பத்தா. சும்மா இரு."