புரொஜெக்டர் வெளிச்சத்தில் ஒரு முகம்

நேற்று இரவு கிளிநொச்சியில் நல்ல மழை. சின்னம்மாவோடு இருந்து 'சன்செட் பூலேவார்ட்' பார்த்தேன், 1950இல் பில்லி வைல்டர் எடுத்தது. பேசாப்படக் காலத்து நடிகை நோர்மா, வயது 50, கடனில் மாட்டிய இளம் கதாசிரியன் ஒருவனைத் தன் மாளிகையிலேயே வைத்துக்கொள்கிறாள். வீட்டில் தன் பழைய படத்தைப் போட்டுப் பார்க்கிறாளே, அது நோர்மாவாக வரும் குளோரியா ஸ்வான்சனே இளமையில் நடித்த படம், அதை இயக்கியவர்தான் இங்கே வேலைக்காரனாக வரும் ஸ்ட்ரோஹைம்! சட்டென்று எழும்பி, புரொஜெக்டர் வெளிச்சத்துக்குள் முகத்தை நிமிர்த்துகிறாள். சின்னம்மாவின் கையில் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.

"அம்பது ஒரு வயசே பிள்ளை?" என்றார். அவருக்கு 52.

அவள் வாங்கிக்கொடுத்த உடுப்பையெல்லாம் போட்டுக்கொண்டு திரிந்துவிட்டு ராத்திரியில் ஒளித்து வெளியே போகிறானே அவன், அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.