தேய்மானம் கழிக்காத கணக்கு

22 ஆண்டுகளாகக் கணக்கு எழுதிப் பிழைக்கிறேன். ஒரு நிறுவனம் ஐந்தொகையை, அதாவது சொத்தும் கடனும் நிற்கும் பட்டியலைக் காட்டாமல் விற்பனைத் தொகையை மட்டும் நீட்டி, "சென்ற ஆண்டைவிட 7 சதவீதம் கூடியிருக்கிறது, பாருங்கள்" என்றால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். இயந்திரம் எவ்வளவு தேய்ந்தது, கையிருப்பு கரைந்ததா, கடன் ஏறியதா என்று குடைவேன். நாடுகளை மட்டும் யாரும் அப்படிக் குடைவதில்லை. மொத்த உள்நாட்டு உற்பத்தி என்ற பெயரில் முதலில் நிற்கும் "மொத்த" என்ற சொல்லுக்கே தேய்மானம் கழிக்கப்படவில்லை என்றுதான் பொருள். தேய்மானம் கழித்த நிகரக் கணக்கும் உண்டு, செய்தியில் அது வருவதில்லை. அதிலும் இதுவரை கழித்துவந்தது கட்டடம், இயந்திரம் போன்று மனிதர் உண்டாக்கியவற்றைத்தான். இயற்கைக் காட்டில் மரத்தை வெட்டி விற்ற பணம் வரவில் ஏறுகிறது. இல்லாமல்போன மரத்துக்குச் செலவுப் பக்கத்தில் இடமில்லை.

இதெல்லாம் வெறும் தொழில் எரிச்சலாகத்தான் இருந்தது, அம்மா படுக்கையில் விழும்வரை.

வேலையை விட்டுவிட்டு 14 மாதங்கள் அவளைப் பார்த்துக்கொண்டேன். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இரவிலும். மருந்து, துணி, கஞ்சி. கணக்கு எழுதிப் பழகிய கை சும்மா இருக்காதே, ஒரு நோட்டில் மணிவாரியாகக் குறித்துவைத்தேன். சராசரி, நாளொன்றுக்கு 13 மணி நேரம். நாட்டின் கணக்கில் அந்த உழைப்பின் மதிப்பு பூஜ்யம். என் சம்பளம் நின்றுபோனதால் உண்மையில் பூஜ்யத்துக்கும் கீழே. கடைசி மூன்று மாதம் பகல் நேரத்துக்கு ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு அமர்த்தினேன். அதே கட்டில், அதே அம்மா, அதே வேலை. அன்றைக்கே நாடு வளர்ந்துவிட்டது! (அம்மாவுக்கு என் கையைவிட அந்தப் பெண்ணின் கைதான் பிடித்திருந்தது. நான் அவசரக்காரி.)

1934இல் அமெரிக்க செனட்டுக்குத் தேசிய வருமானக் கணக்கைத் தயாரித்துக் கொடுத்தவர் பொருளியலாளர் சைமன் குஸ்நெட்ஸ். இந்த எண்ணை வைத்து ஒரு நாட்டின் நலனை ஊகிக்க முடியாது என்று அந்த அறிக்கையிலேயே எச்சரித்தார். இல்லத்தரசிகளின் உழைப்பு இதில் சேரவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார். பின்னால் வந்தவர்கள் எண்ணை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள். அடிக்குறிப்பைப் படிக்காத வாடிக்கையாளர்களை எனக்கும் தெரியும்.

பூட்டானின் "மொத்த தேசிய மகிழ்ச்சி" பற்றி முதலில் கேள்விப்பட்டபோது சிரித்தேன். மகிழ்ச்சியை எப்படித் தணிக்கை செய்வது? நான்காம் மன்னர் ஜிக்மே சிங்கே வாங்சுக் 1970களில் முன்வைத்த எண்ணம் அது. 2008 அரசியலமைப்பிலும் இடம்பெற்றது. எனக்கு மனம் மாறியது, அதை அளக்கும் விதத்தைப் படித்த பிறகு. ஒன்பது களங்கள், 33 குறியீடுகள். உடல்நலம், கல்வி, நல்லாட்சி, சூழல் என்று போகிற பட்டியலில் "காலப் பயன்பாடு" என்று ஒரு களம். நேற்று எழுந்தது முதல் என்னென்ன செய்தீர்கள் என்று வீடுவீடாகப் போய்க் கேட்கிறார்கள். பிள்ளை வளர்ப்பதுபோன்ற சம்பளமில்லா வேலையும் வேலையாகவே சேர்கிறது. எட்டு மணி நேரத்தைத் தாண்டினால் அவர் குறையுள்ளவர் என்று கணக்கு. என் நோட்டை ஓர் அரசாங்கமே அச்சடித்து வைத்திருந்ததுபோல் இருந்தது.

இன்னொன்றும் பிடித்தது. ஒவ்வொரு குறியீட்டுக்கும் "இவ்வளவு போதும்" என்று ஒரு வரம்பு. அதைத் தொட்டவருக்கு வருமானம் மேலும் எத்தனை மடங்கு கூடினாலும் மதிப்பெண் ஏறாது. எட்டாதவர்களை மேலே கொண்டுவந்தால்தான் நாட்டின் எண் உயரும். வளர்ச்சி விகிதத்தில் அப்படியொரு வரம்பைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. நிலப்பரப்பில் 60 சதவீதம் என்றென்றும் காடாகவே இருக்க வேண்டும் என்று அதே அரசியலமைப்பு சொல்வதையும் இதோடு சேர்த்தே படிக்கிறேன்.

ஆனால் தணிக்கைக்காரியின் சந்தேகம் அவ்வளவு எளிதில் போகாது. 1990களின் தொடக்கத்தில் நேபாளி மொழி பேசும் லோட்சம்பா மக்கள் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் பூட்டானிலிருந்து வெளியேற்றப்பட்டு, நேபாள முகாம்களில் ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். மகிழ்ச்சிக் கணக்கெடுப்பு உள்ளே இருப்பவர்களிடம்தான் கேட்கும். பேரேட்டில் பெயரை அடித்துவிட்டால் அவருக்குக் கொடுக்க வேண்டிய கடனும் கண்ணிலிருந்து மறைந்துவிடும், தெரிந்த தந்திரம்தான். 2010இல் 0.743 ஆக இருந்த மகிழ்ச்சிக் குறியீட்டெண் 2022இல் 0.781 ஆக ஏறியது. அதே காலத்தில் படித்த இளைஞர்கள் ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறிக்கொண்டிருந்தார்கள். பூட்டானில் மருத்துவமும் பள்ளிக் கல்வியும் இலவசம் என்றால், அதற்குக் கைகொடுப்பதில் இந்தியாவுக்கு விற்கும் நீர்மின்சாரமும் உண்டு. வருமானமே வேண்டாம் என்ற கட்சியில் நான் இல்லை. எதை விற்று வந்த வருமானம் என்று கேட்கும் கட்சி.

2015இல் வேல்ஸ் வருங்காலத் தலைமுறையின் நலனுக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது, 2019இல் நியூசிலாந்து "நலவாழ்வு பட்ஜெட்" போட்டது. நல்லதுதான். தலைப்பை மாற்றிய பட்ஜெட்டுகள் நிறையப் பார்த்திருப்பதால் கைதட்டலைத் தள்ளிவைத்திருக்கிறேன்.

என்னை உண்மையில் எழுந்து உட்காரவைத்தது வேறொரு செய்தி. 2025 மார்ச்சில் ஐ.நா. புள்ளிவிவர ஆணையம் நாடுகள் தம் உற்பத்தியைக் கணக்கிடப் பின்பற்றும் தேசியக் கணக்கு முறைக்குப் புதிய விதிகளை ஏற்றது. தோண்டித் தீர்க்கும் இயற்கை வளத்தை இனி உற்பத்திச் செலவாகக் கழிக்க வேண்டுமாம், நிகர எண்ணுக்குக் கூடுதல் முக்கியத்துவமாம். 90 ஆண்டுகள் கழித்துத் தேய்மானம் நினைவுக்கு வந்திருக்கிறது. வீட்டுப் பராமரிப்பு மட்டும் இன்னும் மையக் கணக்குக்கு வெளியேதான் நிற்கிறது, விரும்புகிறவர்கள் துணைக் கணக்கில் காட்டலாம்.

நேற்றைய நாளைப் பூட்டான் முறையில் எழுதிப் பார்த்தேன். உறக்கம் 6 மணி நேரம், வேலை பத்தரை. இரண்டிலும் தோல்வி. பிறகு பழைய நோட்டை எடுத்து, கண்போன போக்கில் ஒரு பக்கத்தைத் திறந்தேன். உறக்கம் 4 மணி நேரம், மூன்று துண்டுகளாக. அதற்குக் கீழே, "பகல் 3 முதல் 4: சும்மா அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்." எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தெரியாமல், அந்த ஒரு மணி நேரத்தைக் கூட்டுத்தொகையில் சேர்க்காமல் விட்டிருக்கிறேன்.