‘ப’ வரிசையில் கிடந்த வையாபுரிப் பிள்ளை

ஆய்வேடு கொடுக்க மூன்று வாரம் இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதியான தமிழ் லெக்சிகன் உருவான விதம்தான் என் தலைப்பு. நான்கு வருடமாகப் பல நூலகப் பட்டியல்களிலிருந்து நூல் விவரங்களைத் தாங்கும் ஆர்ஐஎஸ் கோப்புகளாக இறக்கி, ஜோட்டெரோ என்ற மேற்கோள் மென்பொருளில் சேர்த்து வந்த 600 சொச்சம் பதிவுகளை அன்றுதான் துணைநூற்பட்டியலாக எடுத்துப் பார்த்தேன். ‘ப’ வரிசையில் ஒரு வரி: “பிள்ளை, எஸ். வையாபுரிப்”. லெக்சிகனின் பதிப்பாசிரியர் பெயர், ஒற்று தொங்கிக்கொண்டு நின்றது. மனசு கேட்கவில்லை.

தரவுக் கோப்புறையை முதலில் அப்படியே நகலெடுத்து வைத்தேன். அடுத்து டூப்ளிகேட்களை இணைக்க உட்கார்ந்தேன், தவறு அங்கேதான். மென்பொருள் காட்டிய நாற்பதையும் இணைத்த பிறகும் ஒரே நூல் இரண்டு இடத்தில் கண்ணில் பட்டது. ஜோட்டெரோ தலைப்பு, டிஓஐ (கட்டுரையின் இணைய அடையாள எண்), ஐஎஸ்பிஎன் (நூலின் அடையாள எண்) மட்டுமல்லாமல் ஆசிரியர் பெயரையும் ஒப்பிடுகிறது. ஒரு பதிவில் ‘பிள்ளை’, மற்றதில் ‘வையாபுரிப் பிள்ளை’ என்றிருந்தால் அதன் கணக்கில் அவர்கள் வேறு வேறு ஆட்கள்.

ஆகவே பெயர்களுக்குத் திரும்பினேன். குடும்பப்பெயர்க் கட்டத்தில் ‘வையாபுரிப் பிள்ளை’, அடுத்ததில் ‘எஸ்.’ என்று ஒவ்வொரு பதிவாகத் திருத்தினேன். “பல்கலைக்கழகம், சென்னைப்” என்று உடைந்து கிடந்த நிறுவனப் பெயர்களுக்கு, பெயரின் பக்கத்திலுள்ள சிறு பொத்தானை அழுத்தி ஒற்றைக் கட்டமாக்கினால் போதும். நான்கு மாலைகள் இதற்கே போயின. இந்த வேலையை யாரும் அவசரமாகச் செய்யக் கூடாது என்பேன். அந்த ஆசிரியருக்கு நாம் செய்யும் குறைந்தபட்ச மரியாதை இது.

ஒரு கோப்பில் மட்டும் தமிழ் முழுக்கப் புரியாத குறிகளாக வந்திருந்தது. எழுத்துகளைக் கணினி பைட்களாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். தவறான குறியாக்கத்தில் படித்தால் ஒன்று மூன்றாகச் சிதறிவிடும். மூலக் கோப்பை நோட்பேடில் திறந்து யூடிஎஃப்-8 ஆகச் சேமித்து மறுபடி ஜோட்டெரோவில் சேர்த்தேன்.

பிறகு டூப்ளிகேட் பகுதியைத் திறந்தால் புதிதாக 31 ஜோடி! நூல் ஒன்றாகவும் கட்டுரை ஒன்றாகவும் பதிவானவற்றை ஒரே வகைக்கு மாற்றினால்தான் இணைக்கவே விடும். எதையும் அழிக்காமல் இணைத்தேன். அப்போதுதான் வேர்டில் ஏற்கெனவே போட்ட மேற்கோள்களின் தொடர்பு அறாது.

பட்டியலை மறுபடி எடுத்தேன். ‘வ’ வரிசையில் அவருடைய ஒன்பது நூல்களும் அடுத்தடுத்து இருந்தன.